வெள்ளிக்கிழமை 10:25

ஓரிடத்தில் இருப்பதைப் பார்த்து இன்னோரிடத்தில் எழுத என்னைப் போல ஒரு ஆள் எதற்கு என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. கேட்க வேண்டிய ஆள் என்னிலிருந்து மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

என் பெயர் சித்ரகலா. பெருமாநல்லூரில் கைக்குழந்தைகளுக்கான உடுப்புகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். உடுப்பு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் வேலைக்குத் திருப்பூரில் அதுதான் பெயர். வாங்கியதை வாங்கிய சூட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்பதால் இங்கே எனக்குக் கொஞ்சம் மரியாதையும் நிறைய பயமும் உண்டு.

வேர்க்கடலைக்காரன் அருள்குமார், கம்பெனியின் ஒரே புரோகிராமர். குழந்தை உடுப்பின் உள்பக்கம் ஒரு சின்ன லேபிள் இருக்குமே, அளவு, துணியின் சேர்மானம், எத்தனை டிகிரி தண்ணீரில் துவைப்பது என்றெல்லாம் பொடி எழுத்தில் போட்டு, அதை அச்சடிக்கிற நிரல் அவன் எழுதியது. ஒவ்வொரு லேபிளின் வடிவமும் இணையத்தில் ஒரு ரெப்போவில் இருக்கிறது. ரெப்போ என்பது புரோகிராமர்களின் பீரோ. யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் குறித்து வைத்திருக்கும். பையர் ஒரு கமாவை எடுக்கச் சொன்னாலும் அருள்குமார் அங்கேதான் எடுப்பான்.

ஆனால் எங்கள் முதலாளி ஆறுச்சாமி ஐயாவுக்கு ரெப்போ தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஆன்லைன் ஷீட். ரெப்போவில் மாறியதையெல்லாம் நான் பார்த்து, ஷீட்டில் வரிசை வரிசையாக எழுத வேண்டும்: ஸ்டைல் நம்பர், எத்தனையாவது மாற்றம், என்ன மாறியது, யார் மாற்றியது, எந்த நேரம். ஐயா தன் போனில் பார்த்து, வரிசையின் கடைசிக் கட்டத்தில் ‘சரி’ என்று போடுவார். ‘சரி’ விழுந்த பிறகுதான் லேபிள் ரூமில் முத்தாயி மெஷினை ஓட்டுவாள். அப்புறம் அருள்குமார் அந்த ‘சரி’யைப் பார்த்து ரெப்போவில் அந்த லேபிளைப் பூட்டி வைப்பான். பூட்டியதை யாரும் மாற்ற முடியாது.

ஒரு நாளைக்கு நாற்பது வரிசை, ஐம்பது வரிசை. சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஏழு ஆகும். வருகிற எரிச்சலில் கீபோர்டை நான் தட்டுகிற சத்தம் கட்டிங் டேபிள் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. திருமுருகன்பூண்டியில் ஐந்தரைக்கு வள்ளி கும்மிப் பயிற்சி. விஜயராணி என்று ஒரு ஆசிரியை, எழுபது பேரை நாலு வரிசையில் நிறுத்தி ஆட வைக்கிற கெட்டிக்காரி. நான் சேர்ந்து மூன்று மாதம். நாற்பத்து நாலு வயதில் எனக்கு என்று நான் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அதுதான். கைதட்டிக் குனிந்து திரும்பும்போது என் உடம்பில் இருக்கிற மெர்ச்சன்டைசர் எங்கோ ஓடிவிடுகிறாள். ஆனால் நான் போய்ச் சேரும்போது பாதி நாள் அவர்கள் பாய் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தும், வீட்டுச் சமையலறையில் ஆடியும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தை மாதத் திங்கட்கிழமை விஜயராணி போன் செய்தார்.

“அம்மிணி, வர்ற ஞாயித்துக்கெழம அரங்கேற்றமுங்க. வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் முழுப் பயிற்சி. ஒரு நாள் தப்புனாலும் உங்களுக்கு யூனிபார்ம் சேலை குடுக்க மாட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க, ஒருத்தரு தப்பா திரும்புனா வரிசையே மோதிக்கும்.”

“வந்துர்றேனுங்க” என்றேன். போனை வைத்ததும் அழுகை முட்டியது. அழுவதற்குப் பதிலாக அருள்குமாரிடம் பாய்ந்தேன்.

“ஏந்தம்பி, நீங்க அங்க மாத்தறீங்க, நான் இங்க எழுதறேன். மாத்துனது தானா வந்து எழுதிக்காதா? என்ன பெரிய கம்ப்யூட்டரு!”

அவன் வேர்க்கடலையை மெதுவாக மென்று விழுங்கினான். “எழுதிக்குமுங்க அக்கா.”

“என்னது?”

“ரெப்போவுல நான் மாத்தி ஏத்துனதுமே ஷீட்டுல அதுவே ஒரு வரிசை போட்டுக்கும். ஐயா ‘சரி’ போட்டா ரெப்போவுல அதுவே பூட்டிக்கும். ரெண்டு நாள் வேலைங்க.”

“அடப்பாவி! ரெண்டு வருசமா ஏன் சொல்லலை?”

“நான் சேர்ந்த புதுசுல அந்த ஷீட்டுல ஒரு கட்டத்தைத் தெரியாமத் தொட்டேனுங்க. நீங்க டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வந்தீங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் செய்திருப்பேன், அதில் சந்தேகம் இல்லை. என் வாய்க்கொழுப்புக்கு நானே இரண்டு வருட சாயங்காலத்தைக் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தபோது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அவன் முன்னால் இருந்த பொட்டலத்தில் ஒரு பிடி வேர்க்கடலை எடுத்துக்கொண்டு, “பண்ணுங்க. இனி தொட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிட்டான். என் திரையில் ஷீட். அவன் திரையில் ரெப்போ. ஒரு லேபிளில் ஒரு புள்ளியை எடுத்து ஏற்றினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் திரையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. யாருமே தொடாத கீபோர்டுக்கு மேலே ஷீட்டில் ஒரு வரிசை மளமளவென்று நிரம்பியது. ஸ்டைல் நம்பர், மாற்றம், பெயர், நேரம், எல்லாம். நான் போட்ட கத்தலில் பேக்கிங் பெண்கள் ஏதோ ஷாக் அடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

“இன்னொருக்கா பண்ணுங்க தம்பி!”

அவன் எடுத்த புள்ளியைத் திரும்ப வைத்தான். இன்னொரு வரிசை. ஒன்பது தடவை செய்ய வைத்தேன். முத்தாயி வந்து பார்த்துவிட்டு, “இது மட்டும் போதுமா, அப்படியே கொஞ்சம் பாத்திரமும் கழுவுமாங்க?” என்றாள். ஐயாவும் வந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. வேலை சுத்தமா இருந்தாச் சரி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். சாயங்கால வெயிலில் எங்கள் கேட் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நீலம். ஐந்து இருபத்தைந்துக்கு மைதானத்தில் நின்றேன். என்னைப் பார்த்து விஜயராணி தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்தார். இரண்டாவது வரிசையில் ஏழாவது இடம் எனக்கு. ஒரு தடவை கூடத் தப்பாகத் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது.

மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு ஐயா என் மேஜை முன்னால் வந்து நின்றார். போனை நீட்டிப் பிடித்திருந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

“ஏம்மா சித்ரா. இது என்ன நேரம்? பத்து அம்பத்திரெண்டு. பதினொண்ணு ஏழு. பதினொண்ணு முப்பத்தொண்ணு. இன்னிக்கு வெள்ளிக்கெழம!”

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஐயா வைத்திருக்கிற ஒரே சட்டம், ராகு காலத்தில் புது லேபிள் எதுவும் பதிவாகக் கூடாது என்பது. முந்தின நாள் அந்த நேரத்தில் மாற்றம் எதுவும் வராததால் தப்பித்திருந்தோம்.

“இருவத்திரெண்டு வருசத்துல ஒரு வெள்ளிக்கெழம கூட இப்படி நடந்ததில்லை. இந்த மெஷினு வந்து ரெண்டாவது நாளே நடக்குது பாரு!”

சட்டம் அவருடையது. அந்தச் சட்டத்தைக் காப்பாற்றி வந்தது யார் என்று எனக்கும் அருள்குமாருக்கும் தெரியும். பையர் என்ன பஞ்சாங்கம் பார்த்தா மெயில் அனுப்புகிறான்? லேபிள் மாறுகிற நேரத்தில் மாறிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலம் ஷீட்டில் எழுதும்போது நான் 10:25 என்று போடுவேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் சந்தேகம் வருமே என்று சிலதை 12:05 என்று போடுவேன். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அமராவதி அக்கா வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். இந்த மெஷினுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. அது பாட்டுக்கு உண்மையை எழுதிவிட்டது.

பொய் சொல்லியிருக்கலாம். மெஷின் மேல் பழியைப் போட்டால் ஐயா நம்பியிருப்பார். ஆனால் பக்கத்தில் அருள்குமார் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். எனக்காக இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து வேலை செய்தவன்.

“ஐயா, மெஷினு சரியாத்தான் எழுதுதுங்க. இத்தனை நாளா நான்தான் நேரத்தை மாத்தி எழுதுனேன். எனக்கு முன்னாடி அமராவதி அக்காவும் அப்படித்தானுங்க.”

ஐயா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “இருவத்திரெண்டு வருசமுமா?”

“ஆமாங்க. ஷீட்டு வர்றதுக்கு முன்னாடி நோட்டுலயும் அப்படித்தானுங்க.”

“எல்லா வெள்ளிக்கெழமயுமா?”

“எல்லாக் கெழமயுமுங்க. திங்கக்கெழம மட்டும் கெடையாது. அன்னிக்கு ஏழரையிலிருந்து ஒம்பது. நாம ஒம்பதுக்குத்தான் கம்பெனியே தொறக்கறோம்.”

அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். “மெஷினை நிறுத்துங்க. பழையபடி கையிலயே எழுது. நேரத்தைப் பாத்து எழுது” என்று எழுந்தார்.

கையில் எழுதினால் ஏழு மணி. ஏழு மணி என்றால் சேலை இல்லை. மூன்று மாதம் சமையலறையில் ஆடியது எல்லாம் தண்டம். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

“ஐயா, நில்லுங்க. எனக்கு ராகு காலம் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. அவ்வளவுதானுங்களே? சொல்லிக் குடுத்தாப் போச்சு. தம்பி, அந்த நேரத்துல எந்த மாத்தம் வந்தாலும் வாங்கிக் கையில வெச்சுக்கட்டும். ராகு காலம் முடிஞ்சதும் ஷீட்டுல எழுதட்டும், எழுதற நேரத்தையே போடட்டும். முடியுமா முடியாதா?”

அருள்குமார் முகத்தில் வெளிச்சம் வந்தது. “ஏழு நாளுக்கு ஏழு நேரம். பத்தே வரிதானுங்க அக்கா.”

“அப்ப இனி பொய்யே எழுத வேண்டியதில்லீங்க ஐயா. நெசமாவே ராகு காலத்துல எதுவும் பதிவாகாது” என்றேன்.

ஐயா தாடையைத் தடவினார். “சாயங்காலம் ஒரு லேபிள் ஏத்திக் காட்டுங்க. சரியா வந்தா விடறேன். வரலைன்னா நீ உக்காந்து எழுது.”

நாலு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் தயார். பையர் மூன்று மணிக்குத்தான் ஒரு லேபிளை மாற்றச் சொல்லி மெயில் அனுப்பியிருந்தான். ஆறு மாதக் குழந்தையின் உடுப்பு, துவைக்கும் சூடு நாற்பது டிகிரி, பன்னிரண்டாயிரம் லேபிள். ஐயா டீயோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வரிசை வந்ததும் ‘சரி’ போட விரலைத் தயாராக வைத்திருந்தார். லேபிள் ரூமில் முத்தாயி ரோலை மாட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

நாலேகாலுக்கு அருள்குமார் ஏற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

ஒன்றும் வரவில்லை.

இருபது எண்ணினேன். நூறு எண்ணினேன். ஐயா டீயைக் குடித்து முடித்தார். நாலரை. அருள்குமாருக்கு நெற்றி வேர்த்தது. “தப்பு எதுவும் காட்ட மாட்டேங்குதுங்க அக்கா. வாங்கிக் கையில வெச்சிருக்கேன்னு சொல்லுது.”

“வெள்ளிக்கெழம சாயங்காலம் ஏதுங்க தம்பி ராகு காலம்?”

நாலே முக்கால். ஐந்து. என் ஸ்கூட்டர் சாவி மேஜை மேல் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். ஐயா மெதுவாக, “சரிம்மா. கையிலயே எழுத உக்காரு” என்று ஆரம்பித்தார்.

ஐந்து ஐந்துக்கு அருள்குமார் தன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான்.

“அக்கா! இந்த வேலையைப் பண்ற கம்ப்யூட்டரு நம்ம ஊருல இல்லீங்க. அதோட கடிகாரம் லண்டன் நேரம். ஷீட்டுல மட்டும் நம்மூரு நேரமா மாத்திக் காட்டச் சொன்னேன், ராகு காலத்துக்குச் சொல்ல மறந்துட்டேன். நம்மளுக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். நாம இங்க நாலு மணிங்கறப்ப அதுக்குக் காலையில பத்தரை!”

“அப்டீன்னா?”

“அப்டீன்னா அது லண்டன்ல ராகு காலம் பாத்துட்டு இருக்குதுங்க. அஞ்சரை வரைக்கும் எழுதாது.”

போன வாரம் என்றால் டிபன் பாக்ஸைத் தேடியிருப்பேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. ஐயா முறைத்தார். அருள்குமார் அவசர அவசரமாக நேரத்தைத் திருத்தப் போனான்.

அப்போதுதான் என் மெயிலில் மணி அடித்தது. பையர். மன்னிப்போடு ஆரம்பித்தது. மூன்று மணிக்கு அனுப்பியது பழைய தாளாம், துவைக்கும் சூடு நாற்பது இல்லை, முப்பதாம். தயவுசெய்து அச்சடிக்க வேண்டாமாம்.

உரக்கப் படித்தேன். வரிசை நாலேகாலுக்கே வந்திருந்தால் ஐயா ‘சரி’ போட்டிருப்பார். முத்தாயியின் மெஷின் இந்நேரம் பாதி ரோலைத் தின்று முடித்திருக்கும். அடித்த அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருந்திருக்கும்.

ஐயா எழுந்தார். அருள்குமாரின் திரையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

“தம்பி, அதைத் திருத்தாதீங்க.”

“ஐயா, அது லண்டன் நேரமுங்க...”

“இருக்கட்டுமுங்க தம்பி. பையர் எங்க இருக்கான்? அங்கதான இருக்கான். அவனுக்கும் ஒரு ராகு காலம் இருக்காதா? நம்ம நேரத்தையும் போடுங்க, அவன் நேரத்தையும் விட்டுருங்க. ரெண்டும் இருக்கட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா இன்னும் நிக்கற? சாவியைப் பாத்துப் பாத்து எனக்கே கண்ணு வலிக்குது. எங்க போகோணுமோ போ. அந்த முப்பது டிகிரிய மெஷினே எழுதிக்கும்.”

பூண்டிக்குப் பறந்தேன். மைதானத்தை அடைந்தபோது மணி ஐந்து நாற்பது. மற்ற எல்லோரும் வரிசையில் நின்றிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஏழாவது இடத்தில் ஒரு ஓட்டை. பக்கத்தில் சேலைக் கட்டோடு விஜயராணி.

“அம்மிணி, என்ன சொன்னேன் உங்ககிட்ட?”

மூச்சு வாங்கியது. யோசித்துச் சொல்ல நேரமில்லை. “மன்னிச்சுக்கோங்க. அஞ்சரை வரைக்கும் லண்டன்ல ராகு காலமுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது இரண்டாவது வரிசைக்குப் பரவி, நாலாவது வரைக்கும் போனது. விஜயராணி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, “நம்மூருல இல்லீங்கல்ல? போய் நில்லுங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு மேளம் தொடங்கியது. எழுபது பேரும் ஒரே பச்சைச் சேலையில். முன்வரிசை நாற்காலியில் ஐயா, துண்டை மடியில் போட்டுக்கொண்டு. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி அருள்குமார், இங்கேயும் பொட்டலம். நான் கைதட்டினேன், குனிந்தேன், திரும்பினேன். யார் மேலும் மோதவில்லை. மூன்று மாதமாகச் சமையலறைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்த என் முழங்கைக்கு அன்றைக்கு எல்லாப் பக்கமும் இடம் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

முதல் சுற்று முடிந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, பழக்க தோஷத்தில் போனை எடுத்து ஷீட்டைத் திறந்தேன். புதிதாக ஒரு வரிசை இருந்தது. ஸ்டைல் நம்பர் கட்டத்தில் பச்சைச் சேலை. எத்தனையாவது மாற்றம் என்ற இடத்தில் ஒன்று. என்ன மாறியது என்ற இடத்தில், ‘சித்ரகலா அக்கா ஆடறாங்க’. மாற்றியது அருள்குமார். நேரம், ஞாயிறு 6:12.

என் ஷீட்டில் கண்டதை எழுதினால் எனக்குப் பிடிக்காது. விரல் அழிக்கத்தான் போனது. அதற்குள் கடைசிக் கட்டம் நிரம்பியது. முன்வரிசையில் ஐயா போனை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

‘சரி’ என்று போட்டிருந்தார். அந்த நொடியே ரெப்போவில் பூட்டு விழுந்திருக்கும். பூட்டியதை யாரும் மாற்ற முடியாது.

மேளம் மறுபடி தொடங்கியது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு என் இடத்துக்கு ஓடினேன்.